சக்கையிலிருந்து கரி: முதலில் தண்ணீரைத் துரத்துங்கள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய நகரத்தார் வீட்டுக்கு நான் காவல். வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்கு வந்து பூட்டைத் திறந்து, நான்கு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் முகப்பும் வளவும் புறாக்களுக்கு. பின்கட்டு எனக்கும் என் மனைவிக்கும். அவள் பலகாரம் போட்டு விற்கிறாள்: தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், ஆர்டர் வந்தால் அதிரசம். நான் இங்கே வருவதற்கு முன் 29 ஆண்டுகள் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தவன்.

பாய்லர் பார்ப்பது என்றால் சக்கையை எரிப்பது. ஒரு டன் கரும்பு அரைத்தால் 270 முதல் 300 கிலோ வரை ஈரச் சக்கை வெளியே வரும். ஒரு டன் சக்கை இரண்டு டன்னுக்குச் சற்று மேல் நீராவி தரும். அந்த நீராவியில்தான் ஆலையே ஓடும், மின்சாரமும் அதிலிருந்தே. கரும்பு தன்னைக் காய்ச்சிக்கொள்ள விறகையும் தானே கொண்டுவருகிறது என்று எங்கள் போர்மேன் சொல்வார். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துவிட்டு வந்தவனுக்கு, கடைத்தெருவில் சாறு பிழியும் வண்டியின் ஓரம் சக்கை குவிந்து, புளித்து, ஈ மொய்த்துக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் சாக்கோடு போய் நின்றேன். "எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணே, குப்பை வண்டிக்காரர் திட்டுகிறார்" என்றார் கடைக்காரத் தம்பி. அன்று தொடங்கியதுதான் கீழே எழுதியிருப்பதெல்லாம்.

பெட்ரோல் கேட்டு வருகிறவர்களுக்கு

முதலில் இதை முடித்துவிடுகிறேன். விஷயம் தெரிந்து வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது, "சக்கையிலிருந்து எத்தனால் எடுக்கலாமாமே, நம் வீட்டில் செய்ய முடியுமா?" என்றுதான்.

செய்ய முடியாது, செய்யவும் கூடாது. பெட்ரோலில் கலக்கிற எத்தனால் நம் நாட்டில் பெரும்பாலும் மொலாசஸ், கரும்புச் சாறு, தானியம் இவற்றிலிருந்து வருகிறது. மொலாசஸ் என்பது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகு. அதில் சர்க்கரை இன்னும் இருப்பதால் ஈஸ்ட் நேராகத் தின்னும். ஒரு டன் மொலாசஸில் ஏறத்தாழ 225 லிட்டர் எத்தனால் கிடைக்கும். சக்கை அப்படியல்ல. அதில் இருப்பது நார். நாருக்குள்ளும் சர்க்கரைதான் கோத்துக் கிடக்கிறது, ஆனால் லிக்னின் என்ற பசை அதைப் பூட்டி வைத்திருக்கிறது. நீராவியாலும் அமிலத்தாலும் பூட்டை உடைத்து, நொதிகளை விட்டு நாரைச் சர்க்கரையாக்கி, அதன் பிறகுதான் ஈஸ்டைக் கூப்பிட வேண்டும். 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் இந்த முறையில் வைக்கோலுக்காக ஓர் ஆலை திறந்தது. செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எடுப்பது திட்டம். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 150 லிட்டர். அத்தனை பணமும் இயந்திரமும் போட்டபின் கிடைப்பது அவ்வளவு.

மொலாசஸ் வாங்கிப் புளிக்க வைக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. வீட்டில் வடித்தால் நீங்கள் எரிபொருள் விஞ்ஞானி என்று காவல் நிலையத்தில் யாரும் மாலை போட மாட்டார்கள். சட்டத்தை விடுங்கள், கணக்கும் உதைக்கும். புளித்த ஊறலில் நூற்றுக்கு எட்டு, பத்து பங்குதான் சாராயம், மற்றதெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைக்க நீங்கள் எரிக்கும் விறகை அடுப்பிலேயே எரித்திருந்தால் இரண்டு வேளைச் சமையல் முடிந்திருக்கும்.

ஆலையில் 29 ஆண்டுகள் நான் கற்றது ஒன்றுதான்: கரும்புக் கழிவில் எதைச் செய்யப் போனாலும் எதிரி தண்ணீர். காய்ந்த சக்கை ஒரு கிலோவில் சுமார் 4,500 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. ஆலையிலிருந்து வரும் சக்கையில் பாதி ஈரம். அதனால் வெப்பமும் பாதி. அந்தப் பாதியிலும் ஒரு பங்கு, கூட இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மழை நனைத்த சக்கை வந்தால் பாய்லரில் அழுத்தம் இறங்கும், மேலே இருந்து திட்டு இறங்கும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். ஆலை இல்லாத நம் ஊருக்கு வெயில் இருக்கிறது. கண்மாய் வற்றிக் கிடக்கும் எட்டு மாதங்களில் எதற்கும் பயன்படாத அந்த வெயில்தான் இந்த வேலையின் முதலீடு.

காயப்போடுவது

கடையிலிருந்து எடுத்த சக்கையை அன்றே பிரித்துப் போட வேண்டும். ஓர் இரவு சாக்கிலேயே கிடந்தால் மறுநாள் கள்ளுக்கடை வாசம் வரும். பிரிக்கும்போது எலுமிச்சைத் தோலையும் இஞ்சியையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்; சாறுக்காரர்கள் அவற்றைக் கரும்போடு மடித்துத்தான் பிழிகிறார்கள். எலுமிச்சைத் தோல் கடைசிவரை காயாது, ஒன்று கிடந்தால் சுற்றியிருக்கும் சக்கையும் பூஞ்சை பூத்துவிடும்.

பிழிந்த சக்கையில் இனிப்பு மிச்சம் இருக்கும். அப்படியே காயப்போட்டால் எறும்பும் குளவியும் வரும், காய்ந்தபின் பிசுபிசுப்பாகச் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு பெரிய அண்டாவில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, அலசி, முறுக்கிப் பிழிந்த பிறகே காயப்போடுகிறேன். தண்ணீரைத் துரத்தச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் போடுகிறீர்களே என்று கேட்கலாம். வெளியே ஒட்டிய நீர் ஒரு மணி வெயிலில் போய்விடும். சர்க்கரை பிடித்து வைத்திருக்கும் ஈரம்தான் போகாது. அலசிய நீரைக் கொட்ட வேண்டாம், அதற்கு ஓர் இடம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மொட்டை மாடித் தளம்தான் சிறந்த இடம். நான்கு விரல் உயரத்துக்கு மேல் பரப்பாதீர்கள். காலை பத்து மணிக்கு ஒரு முறையும் மதியம் இரண்டுக்கு ஒரு முறையும் கிளறிவிட வேண்டும். மாசி முதல் ஆனி வரை மூன்று நாள் வெயில் போதும். ஆடியில் காற்று அடித்துக்கொண்டு போகும், மேலே பழைய மீன்வலை போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நான் சக்கை எடுப்பதே இல்லை. அடைமழையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பது வீண்.

காய்ந்ததா என்று கையால் பார்த்தால் ஏமாறுவீர்கள். மேல் நார் மொறுமொறுப்பாக இருக்கும், கணுப் பகுதிக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கணுத் துண்டுகளாகப் பார்த்து ஒரு பிடி போட்டு மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்பக்கம் நீர் வியர்த்தால் இன்னும் ஒரு நாள் வேண்டும். வியர்க்காவிட்டால் சாக்கில் கட்டலாம்.

முதல் ஆண்டு இந்தச் சோதனை எனக்குத் தெரியாது. அரைகுறையாகக் காய்ந்ததை ஒன்பது சாக்கு, மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட்டேன். பதினைந்து நாள் கழித்துக் கையை விட்டால் உள்ளே சூடு, சுட்டது. அவிழ்த்துக் கொட்டினேன், வெள்ளை வெள்ளையாகத் தூசி பறந்தது. அடுத்த மூன்று வாரம் இருமல். பூஞ்சை பிடித்த சக்கைத் தூசி நுரையீரலைக் கெடுக்கும், பாகசோசிஸ் என்று அதற்குப் பெயரே உண்டு. ஆலையில் எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறார்கள். தெரிந்தும் செய்தேன். பூத்த சக்கையைத் தொடுவதற்கு முன் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடுங்கள். அதை எரிக்கவும் வேண்டாம், நேராக உரக்குழிக்கு அனுப்புங்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தப்படக் கூடாது. ஒரு கடையில் 50 கிலோ கரும்பு பிழிந்தால் எனக்கு ஏறத்தாழ 20 கிலோ ஈரச் சக்கை கிடைக்கிறது. காய்ந்தால் 9 கிலோ. கரியானால் 2 கிலோ. ஐம்பதில் தொடங்கி இரண்டில் முடிகிற தொழில் இது. சக்கை சும்மா கிடைக்க வேண்டும், நடந்து போகும் தூரத்தில் கிடைக்க வேண்டும். ஆட்டோ வாடகை கொடுத்துக் கொண்டுவந்து செய்தால் கையைக் கடிக்கும்.

கரி எடுப்பது

காய்ந்த சக்கையை அப்படியே அடுப்பில் வைத்தால் என்ன? எரியும், ஒரு நிமிடத்தில் பற்றி மறு நிமிடத்தில் அணையும். அடுப்புக்கு முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்து திணித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் அப்படித்தான் செய்கிறார்கள், அதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். பலகாரம் போடுகிறவளுக்கு அது ஆகாது. அதனால்தான் கரி.

கரிமூட்டம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி நாட்கணக்கில் வேகவைக்கிறார்கள். சக்கைக்கு அந்த மூட்டம் உதவாது. விறகைப் போல நின்று எரியாமல் பொசுக்கென்று சரிந்துவிடும். இதற்கு டிரம் வேண்டும். புனேயில் ஆர்த்தி என்ற கிராமத் தொழில்நுட்ப நிறுவனம் கரும்புச் சோகையிலிருந்து, அதாவது காய்ந்த கரும்பு இலையிலிருந்து, டிரம் உலையில் கரி எடுத்துக் காட்டி, 2002இல் ஆஷ்டன் விருது வாங்கியது. அவர்கள் உலை கொஞ்சம் பெரியது, டிரம்மை வெளியிலிருந்து சுட வைப்பது. என்னுடையது ஒற்றை டிரம், உள்ளேயே தீ. கரி சற்றுக் குறையும், ஆனால் செலவு 800 ரூபாயில் முடிந்தது.

பழைய இரும்புக் கடையில் 200 லிட்டர் டிரம் ஒன்று வாங்குங்கள். எண்ணெய் இருந்த டிரம்மாக இருக்கட்டும். பூச்சிமருந்து, ரசாயனம் இருந்தது வேண்டவே வேண்டாம். டிரம்மில் தண்ணீர் நிரப்பி, தண்ணீர் உள்ளே இருக்கும்போதே வெட்டச் சொல்லுங்கள். உள்ளே எண்ணெய் ஆவி இருந்தால் வெல்டிங் தீப்பொறியில் வெடிக்கும். அடிப்பக்கத்தில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஐந்து ஓட்டைகள். மேல்பக்கத்தில் ஒரு முழச் சதுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு வாய். வெட்டிய தகட்டை எறியாதீர்கள். வாயை மூடும்படி அதைவிடப் பெரிய ஒரு தகடும் வேண்டும்.

எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. வீட்டுக்கார ஆச்சி தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், சுவரில் புகை படக் கூடாது." முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்த சுவர், கண்ணாடி போல இருக்கும், புகை பிடித்தால் போகாது. அதனால் கொல்லைக்கு வெளியே, கண்மாய்க் கரையோரம், வீடுகளுக்குக் காற்று போகாத திசை பார்த்து வைக்கிறேன். அக்கம்பக்கத்துத் துணி காயும் நேரத்தில் தீ வைத்தால் உறவு கெடும். விடிகாலை நல்லது.

டிரம்மை மூன்று கல்லின் மேல் நிறுத்துங்கள். நடுவில் ஒரு கைத்தடியை நட்டுவைத்து, சுற்றிலும் சக்கையைப் போட்டு மிதமாக அமுக்குங்கள். நிறைந்ததும் தடியை உருவினால் நடுவில் புகைபோக்கி போல ஒரு துளை நிற்கும். மேலிருந்து ஒரு பிடி காய்ந்த ஓலையைக் கொளுத்தித் துளைக்குள் போடுங்கள். பற்றிக்கொண்டு இறங்க இறங்க மேலே சக்கை சேர்க்கலாம். என் டிரம் மொத்தம் 13, 14 கிலோ வாங்குகிறது.

இனி கண்ணை எடுக்கக் கூடாது. முதலில் வெள்ளையாக, பஞ்சு போல அடர்ந்த புகை. அது புகையல்ல, பெரும்பகுதி நீராவி. நீங்கள் எவ்வளவு நன்றாகக் காயவைத்தீர்கள் என்பதற்கு அதுவே மதிப்பெண். அடுத்து மஞ்சள் கலந்து, கண்ணைக் கரிக்கும் புகை வரும். அப்போது வாயருகே தீக்குச்சி காட்டினால் புகையே பற்றி எரியும்; எரியவிடுங்கள், ஊருக்கு நல்லது. பிறகு மஞ்சள் மெலிந்து, நீலம் தட்டி, கானல் போல நடுங்கும் சூடு மட்டும் தெரியும். மூட்டம் போடும் பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "கண்ணை நம்பாதே, மூக்கை நம்பு. காரம் போய்ப் பொரிந்த வாசம் வந்ததும் மூடு" என்றார். அவர் சொன்னது சரி. என் டிரம்முக்கு இருபது நிமிடம் ஆகிறது, உங்களுடையதற்குக் கூடலாம், குறையலாம்.

மூடும்போதுதான் ஆள் வேண்டும். மேல் தகட்டை வாயில் வையுங்கள். ஒரு கடப்பாரையால் டிரம்மை நெம்பி, கற்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, டிரம்மைத் தரையில் உட்கார வையுங்கள். குழைத்து வைத்திருக்கும் செம்மண்ணால் அடியைச் சுற்றிலும் மேல் மூடியைச் சுற்றிலும் அணைத்துவிடுங்கள். ஒரு நூல் புகைகூடக் கசியக் கூடாது. காற்று போகும் வழி இருந்தால் கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும்.

மூன்று மணி நேரம் தொடாதீர்கள். நான் இரண்டாம் முறை செய்தபோது ஒன்றரை மணியில் ஆவல் தாங்காமல் திறந்தேன். கறுப்பாக, பளபளவென்று அழகாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்ட உள்ளே போய்த் திரும்புவதற்குள் முழுவதும் கனன்று சிவந்துவிட்டது. அன்று அவள் பார்த்தது சாம்பலை. இப்போதெல்லாம் டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்து, சுடாமல் வைத்திருக்க முடிந்தால்தான் திறப்பது. திறந்ததும் ஒரு செம்பு தண்ணீர் தெளிப்பது.

உருண்டை பிடிப்பது

வருகிற கரி நார் நாராக, தொட்டால் பொடியும். அதை அப்படியே எரிக்க முடியாது. கோணியில் போட்டுக் கட்டி, காலால் மிதியுங்கள், பொடியாகிவிடும். மாவுச் சல்லடை வேண்டாம், ரவைச் சல்லடை போதும்.

பசைக்கு மரவள்ளிக் கிழங்கு மாவு. ஒரு கிலோ கரிப்பொடிக்கு 80 கிராம் மாவு, முக்கால் லிட்டர் தண்ணீர். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்து, பிறகு கொதிக்கும் நீரில் விட்டுக் கிளறினால் கண்ணாடிக் கஞ்சியாக வரும். மாவைக் கூட்டினால் உருண்டை கெட்டியாக இருக்கும், ஆனால் எரியும்போது கஞ்சி கருகும் வாடை சமையலில் ஏறும். குறைத்தால் அடுப்பிலேயே உதிரும். வடித்த சோற்றுக் கஞ்சியும் முயன்று பார்த்தேன்; பிடிக்கிறது, ஆனால் காய்வதற்குள் புளித்துப் பூக்கிறது. பசுஞ்சாணம் கலக்கலாம், செலவே இல்லை, ஆனால் பலகார அடுப்புக்கு வேண்டாம் என்று உத்தரவு.

கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கும்போதே கரிப்பொடியைக் கொட்டிப் பிசையுங்கள். கைக்குள் அமுக்கினால் விரல் தடம் நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. சீடை மாவு பதம் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியும். எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, நன்றாக இறுக்குங்கள். நான் கொஞ்ச நாள் பரணில் கிடந்த ஒரு பழைய தேன்குழல் அச்சில் வட்டத் தட்டை எடுத்துவிட்டுப் பிழிந்தேன். கையளவு நீளக் குச்சிகளாக அருமையாக வந்தது. அந்த அச்சு ஆச்சியின் மாமியார் சீர் கொண்டுவந்தது என்று பிறகுதான் தெரிந்தது. புளி போட்டுத் தேய்த்து இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். இப்போது அதே அளவுக்கு இரும்புக் குழாய்த் துண்டும் மர உலக்கையும்தான்.

காயவைப்பதற்கு நான் யோசனை சொல்லத் தேவையில்லை. வற்றல், வடகம் போடும் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். முதல் நாள் நிழலில், அடுத்த நாள் முதல் வெயிலில். முதல் நாளே வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். இரவில் எடுத்து உள்ளே வைக்க வேண்டும், பனி இறங்கினால் செய்ததெல்லாம் வீண். ஐந்தாம் நாள் இரண்டு உருண்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும்.

எரிப்பது எப்படி இருக்கும் என்றால், உள்ளதைச் சொல்கிறேன். கருவேலங்கரியின் வேகம் இதற்கு வராது. பற்றுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். சாம்பலும் கூடுதல். ஆனால் பொறி பறக்காது, ஒரே சீராக ஒன்றரை மணி நேரம் கனலும். எண்ணெய்ச் சட்டிக்கு இதை நம்பினால் தேன்குழல் எண்ணெய் குடிக்கும். அதற்கு விறகும் கேஸும்தான். பால் சுண்டக் காய்ச்ச, அதிரசப் பாகை மெல்லிய சூட்டில் நிறுத்த, நாட்டுக்கோழிக் குழம்பைக் கடைசி அரை மணி விட்டுவைக்க, இதற்கு இணை கிடையாது. காற்று வந்துபோகாத அறையில் மட்டும் எந்தக் கரியையும் எரிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத, வாசம் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

சோகையும் மற்றவையும்

கரும்புக் கொல்லை உள்ளவர்களுக்குச் சக்கையைவிட நல்ல சரக்கு சோகை. உரித்துப் போட்ட இலை வயலிலேயே காய்ந்துவிடுகிறது, மாடி வேலை மிச்சம். ஏக்கருக்கு மூன்று, நான்கு டன் தேறும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், சுணை அறுக்கும். டிரம்மில் சக்கையைவிட வேகமாகப் பற்றும், அதனால் சீக்கிரம் மூட வேண்டும். சாம்பலும் இன்னும் கூடும்.

சிவகங்கைப் பக்கம் என் பங்காளி ஒன்றே கால் ஏக்கரில் கிணற்றுப் பாசனத்தில் கரும்பு போடுகிறார். வெட்டு முடிந்ததும் சோகைக்குத் தீ வைப்பது அவர் வழக்கம். கேட்டால், எலியும் பாம்பும் அடையும், வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் கட்டைக் கரும்புக்கு உழவு ஓட்ட முடியாது, செம்மண்ணில் கரையான் ஏறும் என்பார். மூன்றும் பொய்யல்ல. தீயில் சாம்பல் சத்து மட்டும் மண்ணில் நிற்கும், தழைச்சத்து புகையோடு போய்விடும் என்று நான் சொல்வேன், அதுவும் பொய்யல்ல. இரண்டு ஆண்டு வாய்ச்சண்டைக்குப் பிறகு ஒரு வழி கண்டோம். ஒரு பார் விட்டு ஒரு பாரில் சோகையை மூடாக்காகப் பரப்புகிறார், அடுத்த பார் நடக்கவும் உரமிடவும் காலியாக இருக்கிறது. மிஞ்சியதில் பாதி எனக்கு, பாதி உரக்குழிக்கு. தண்ணீர் விடும் இடைவெளி மூன்று, நான்கு நாள் நீள்கிறது என்று இப்போது அவரே மற்றவர்களிடம் சொல்கிறார், தான் கண்டுபிடித்தது போல.

உரக்குழிக்குச் சோகையை ஒரு சாண் உயரம் பரப்பி, மேலே சாணக் கரைசல், இப்படி நெஞ்சுயரம் வரை அடுக்க வேண்டும். சோகையில் கரிச்சத்து (கார்பன்) அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. சாணம் இல்லாமல் போட்டால் ஒரு வருடம் ஆனாலும் சோகையாகவே கிடக்கும். டன்னுக்கு ஐந்து கிலோ யூரியா கரைத்துத் தெளித்தால் சீக்கிரம் மக்கும். மாதம் ஒரு முறை புரட்டிப் போடுங்கள். இங்கே மட்டும் தண்ணீர் நண்பன்: பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும். நான்கு மாதத்தில் ஆகிவிடும்.

அலசிய இனிப்பு நீர் என்று முன்பு சொன்னேனே, அது சாண எரிவாயுக் கலனுக்கு. எங்களுடையது 2 கன மீட்டர் கலன், நாளுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் கேட்கும். பக்கத்து மாட்டுக்காரர் தயவில் முக்கால் வயிறுதான் நிறைகிறது. கரைக்கும் தண்ணீருக்குப் பதிலாகப் பாதியளவு இந்த நீரை விட்டால் மறுநாளே நீலச் சுடர் நீளுகிறது. பாதிக்கு மேல் போகாதீர்கள், கலன் புளித்துப்போய் வாயு நின்றுவிடும்; எனக்கு ஒரு முறை நின்று, மீண்டும் எழுப்பப் பதினெட்டு நாள் ஆனது. சக்கையையோ சோகையையோ உள்ளே போடாதீர்கள், மேலே மிதந்து ஏடு கட்டும். எலுமிச்சைத் தோலும் கூடாது, அதன் எண்ணெய் நுண்ணுயிர்களுக்கு ஆகாது.

சக்கையில் சிப்பிக்காளான் வளர்க்கலாம்: விரல் நீளத்துக்கு நறுக்கி, ஊறவைத்து, ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து, ஆறியதும் வித்தோடு அடுக்காகப் பையில் கட்டுவது. ஐப்பசி முதல் மாசி வரைதான், அதற்குப் பிறகு நம் சூட்டுக்கு அது நிற்காது. சக்கைத் தட்டு, கிண்ணம் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்கு நாரைக் கூழாக்கி அச்சில் அழுத்தும் இயந்திரம் வேண்டும். சக்கையிலிருந்து காகிதம் எடுப்பதற்கு 1979இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர்ப் பக்கம் இருக்கிறது. அது அவர்கள் வேலை.

சாம்பல்

அடுப்பில் மிஞ்சும் சாம்பலைத் தென்னை மூட்டுக்குப் போடுங்கள், சாம்பல் சத்து அதில்தான். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் கலக்காதீர்கள். சாம்பலின் காரத்தில் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

சக்கைச் சாம்பலில் சிலிக்கா அதிகம். நன்றாக வெந்து வெளுத்த சாம்பலைச் சலித்துச் சிமெண்டில் பத்தில் ஒரு பங்கு மாற்றிப் போடலாம் என்று ஆலையில் ஒரு பொறியாளர் சொல்லியிருந்தார். ஆத்தங்குடியில் ஓடு போடுகிறவர் ஒருவர் பழக்கம். கண்ணாடியின் மேல் வண்ணக் கலவை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்களே, அந்தப் பின்பக்கக் கலவையில் மட்டும் சேர்த்துப் பார்ப்போம் என்று சம்மதித்தார், அதுவும் நான்கு ஓட்டுக்குத்தான். டிரம்மிலிருந்து அள்ளிய கருஞ்சாம்பல் கலந்த இரண்டும் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுக்கும்போதே பின்பக்கம் பொரிந்து உதிர்ந்தன. அடுப்பில் வெளுத்து, துணியில் சலித்த சாம்பல் கலந்த இரண்டு நன்றாக நிற்கின்றன. ஒன்றை அவர் வைத்துக்கொண்டார், ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மற்றொன்று உரக்குழியை மூடிய சாக்கு பறக்காமல் இருக்க, மேலே பாரமாக இருக்கிறது.